அரைக் கோடு மருந்து

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள், ஞாபகம் இருக்கும். மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது, பகலெல்லாம் தூங்குகிறது, ராத்திரி பூராவும் முழித்திருக்கிறது, யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்று. அரை மணி நேரத்தில் நாற்பது பதில். ஓமத்தண்ணீர், வசம்பு, சுற்றிப்போடுவது, காலில் போட்டு ஆட்டுவது. கணக்கில் தோற்றுப்போனவர்கள் எல்லாம் குழந்தை வைத்தியத்தில் கெட்டிக்காரர்களாகிவிட்டது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருவர் மட்டும், 'இருமல் மருந்து கொஞ்சம் விட்டால் போதும், நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தானே' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான், 'வேண்டவே வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்' என்று போட்டேன். ஏன் என்று கேட்டார். அது கட்டைவிரலால் தட்டிச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் தறி ஓடாத வீடு மூன்றோ நான்கோதான் இருக்கும். எங்கள் வீட்டின் முன்பக்கம் முழுக்கத் தறிக்கூடம். நான்கு விசைத்தறி. அதற்குப் பின்னால் இரண்டு அறை, ஓர் அடுப்பங்கரை. காலை ஆறு மணிக்கு அப்பா மெயின் சுவிட்சைப் போட்டால் தரை லேசாக நடுங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு நிறுத்துவார். அந்தச் சத்தத்துக்குள்ளேயே நாங்கள் பேசினோம், படித்தோம், சண்டை போட்டோம். எங்கள் தெருக்காரர்கள் இன்றைக்கும் போனில் கத்தித்தான் பேசுவார்கள். காது மந்தம் என்று பிள்ளைகள் நினைக்கின்றன. அது தறி கொடுத்த குரல்.

அம்மா தார் சுற்றுவாள். நெசவில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தயாராக வைப்பதைத் தார் சுற்றுவது என்போம். நான்கு தறிக்கும் நாள் முழுக்க வேண்டிய தாரை அம்மா ஒருத்திதான் சுற்றினாள். தறி ஆறு மணிக்கு ஓடவேண்டுமென்றால் அம்மா நாலு மணிக்கு உட்கார வேண்டும். இது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் தெரிந்து வைத்திருப்பது வேறு, அதை நினைத்துப் பார்ப்பது வேறு.

அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். புளியங்குடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுக்கு எலுமிச்சை மார்க்கெட்டில் வேலை. அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பின் அறையைப் பிள்ளை பெற்றவளுக்காக ஒதுக்கியிருந்தோம். ஜன்னலை அடைத்து, பழைய சேலையை நாலாக மடித்து அதன் மேல் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள் அம்மா. காற்று படக்கூடாது, வெளிச்சம் படக்கூடாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த அறைக்குள் போனால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. வாசனைதான் முதலில் தெரியும். சாம்பிராணி, பூண்டு, விளக்கெண்ணெய், பால் காய்ந்த துணி. பிறகு உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில் தெரியும். அதன் பிறகு அக்காவின் முகம்.

குழந்தை பகலில் எங்களுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. காலையில் தறி ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடும். மத்தியானம் வெந்நீரில் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டித் தொட்டிலில் போட்டால் விளக்கு வைத்த பிறகும் அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும். "தங்கமான பிள்ள, இருக்க இடம் தெரியல பாரு" என்று அம்மாவே பெருமையாகச் சொன்னாள்.

ஒன்பது மணிக்கு அப்பா தறியை நிறுத்துவார். ஐந்து நிமிஷத்தில் கண்ணைத் திறக்கும்.

அப்புறம் விடியும் வரை ஒரே கதைதான். பால் குடிக்கும், அழும், அடங்கும், திருதிருவென்று விழிக்கும், மறுபடி அழும். அக்கா எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா வாங்கித் தோளில் போட்டு நடப்பாள். குழந்தை முழித்துவிட்டது என்று குழல்விளக்கைப் போடுவோம். அந்தக் குழல்விளக்கு எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்தது. வெளிச்சத்தில் முகத்தைப் பார்க்கலாம் என்று நானும் எழுந்து போய் உட்கார்ந்துகொள்வேன். கிலுக்கை ஆட்டுவேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சொல்லுவேன். மறுநாள் நாலாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குவேன், டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார். நின்றுகொண்டும் தூங்கியிருக்கிறேன்.

அப்பா தறிக்கூடத்தில் படுத்துக்கொண்டார். அவருக்குக் காலையில் வேலை இருக்கிறது என்பது காரணம். மற்றவர்களுக்குக் காலையில் வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அது அப்படித்தான் ஏற்பாடாகிவிட்டது.

பத்து நாள் போனதும் அக்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டுத் தட்டில் ஈ உட்கார்ந்தால் விரட்டமாட்டாள். ஒருநாள் என்னிடம், "ஏட்டி, இதுக்கு என்னைப் பிடிக்கல போல" என்றாள். எதுக்கு என்று கேட்டேன். தொட்டிலைக் காட்டினாள். நான் சிரித்தேன். இன்றைக்கென்றால் சிரிக்கமாட்டேன்.

நர்ஸம்மா ஒருவர் வாரம் ஒருமுறை செவ்வாய்க்கிழமை வருவார். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து, தெருத் தெருவாக நடந்து, பிறந்த குழந்தைகளை எடை போடுவார். துணித்தூளியும் கொக்கியும் வைத்த ஒரு வில்தராசு அவருடைய பையில் இருக்கும். குழந்தையை அதில் போட்டுத் தூக்கும்போது மீன்காரர் மீன் நிறுப்பது மாதிரியே இருக்கும். அந்த வருஷம் ஆடியில் ரம்ஜான் நோன்பு வந்திருந்தது. அம்மா காபி நீட்டியபோது, "நோன்பும்மா, தண்ணியும் கிடையாது" என்று சொல்லிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். முதல் இரண்டு தடவையும் எடை நன்றாக ஏறியிருக்கிறது என்றுதான் சொன்னார். ராத்திரி விஷயத்தை அம்மா அவரிடம் சொல்லவில்லை. பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று நர்ஸம்மா நினைத்துவிடக்கூடாது.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிறைந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பகலில் கோயிலையும் கடைகளையும் சுற்றிவிட்டு, விளக்கு வைத்த பிறகு பிள்ளை பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவரும் எடுத்துக் கொஞ்சி அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். கோயில் புற்றுமண்ணைக் கரைத்து நெற்றியில் பூசினார்கள். தொடர்ந்து ஐந்து நாள் இது நடந்தது. குழந்தை அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அக்காவின் மாமியாரும் தபசுக்கு வந்து நாலு நாள் தங்கினார். நல்ல மனுஷிதான். கை நிறைய எலுமிச்சம்பழமும் ஒரு கொலுசும் கொண்டுவந்தார். ஆனால் மூன்றாம் நாள் காலை, கண்ணெல்லாம் சிவந்து அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"நானும் அஞ்சு பெத்தேன் மதினி. ஒண்ணும் இப்படி ராத்திரி முழிச்சதில்ல. இவளுக்குப் பாலு பத்தலயோ, இல்ல வளக்குத முறை சரியில்லையோ. நான் பிள்ளைய எங்கூடப் புளியங்குடிக்குக் கொண்டு போறேன். மாட்டுப்பாலு ஊத்தி நான் வளத்துக்கிடுதேன். இவ உடம்பத் தேத்திக்கிட்டுப் பைய வரட்டும்."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "பத்தொன்பது நாள் பிள்ளையத் தாய்கிட்ட இருந்து பிரிக்கவா சொல்லுதிய?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு ராத்திரியாப் பாத்துக்கிட்டுதான இருக்கேன். இன்னைக்கும் இப்படித்தான்னா நாளைக்கு நான் தூக்கிட்டுப் போயிருவேன். எம்மவன் கிட்டயும் சொல்லியாச்சு."

அக்கா அறைக்குள் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மாமியார் குளிக்கப் போனதும் நான்தான் சொன்னேன்.

"எம்மா, எனக்கு இருமலுக்கு ஒரு மருந்து ஊத்துனியே. அதக் குடிச்சா எனக்கு உடனே தூக்கம் வருமே. அத ஊத்திரு."

"சும்மா கெட மூதி," என்றாள் அம்மா.

அந்த மருந்து பாட்டிலை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். கம்பவுண்டர் கலக்கிக் கொடுப்பார். பாட்டிலின் பக்கவாட்டில், பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதப் பட்டையை ஒட்டியிருப்பார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. அதை நாங்கள் கோடு என்போம். காலையில் ஒரு கோடு, ராத்திரி ஒரு கோடு. கருஞ்சிவப்பாக, கசப்பும் இனிப்புமாக இருக்கும். குடித்தால் பத்து நிமிஷத்தில் கால் கனத்துவிடும். அந்தத் தூக்கம் எனக்குப் பிடிக்கும். இருமல் நின்ற பிறகும் இருமிக் காட்டியிருக்கிறேன். நான் குடித்தது போக மூன்று கோடு மிச்சம் இருந்தது. அடுப்பங்கரைப் பரணில், உப்பு ஜாடிக்குப் பின்னால்.

அன்று ராத்திரி எட்டரை மணிக்கு அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்ததை நான் பார்த்தேன். பாலாடையில் கொஞ்சம் ஊற்றினாள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கூடிவிட்டது போல் தோன்றியிருக்க வேண்டும், கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றினாள். பாட்டிலில் அரைக் கோடு இறங்கியிருந்தது. அக்கா கொல்லைப்பக்கம் போயிருந்த நேரத்தில் குழந்தைக்குப் புகட்டினாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாள். உதட்டில் விரல் வைக்கவில்லை, மிரட்டவும் இல்லை. "போய்ப் படு" என்றாள். நான் சொன்ன யோசனை எடுபட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒன்பது மணிக்குத் தறி நின்றது. குழந்தை கண் திறக்கவில்லை. எல்லாரும் தூங்கினோம்.

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் குரல் கேட்டது. அவள் ரவிக்கை முன்பக்கம் முழுக்கப் பால் நனைந்து ஒட்டியிருந்தது. "எம்மா, பிள்ள ராத்திரி பாலுக்கே அழலம்மா. இப்பமும் எந்திரிக்க மாட்டேங்குது," என்றாள்.

மாமியார் தொட்டிலை விலக்கிப் பார்த்தார். "இன்னைக்குத்தான் பிள்ள பிள்ளையாட்டம் தூங்குது. எழுப்பாத, கண்ணு பட்டுரும்."

அம்மா தார் சுற்றும் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். "நல்லாத் தூங்குதுல்லா, விடு," என்றாள். குரல் சரியாக இல்லை. நான் அதைக் கவனித்தேனா, இல்லை பிற்பாடு என் ஞாபகத்தில் நானே சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அக்கா எட்டு மணி வரைக்கும் பொறுத்தாள். பிறகு குழந்தையை எடுத்து மடியில் போட்டு மார்பில் வைத்தாள். வாய் திறந்தபடியே இருந்தது, உறிஞ்சவில்லை. பால் கடைவாயில் வழிந்தது. கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி விழுந்தது. அக்கா மறுபடி மறுபடி அந்தக் கையைத் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. அது மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம். நர்ஸம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா, "நர்ஸம்மா, இங்கன வாங்களேன், இங்கன வாங்களேன்" என்று கத்தினாள். தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அவர் உள்ளே வந்து ஜன்னல் சேலையை ஒரே இழுப்பில் பிய்த்தார். வெளிச்சத்தில் குழந்தையின் உதட்டைப் பார்த்தார். உள்ளங்காலில் விரலால் சுண்டினார். ஒன்றும் இல்லை. மறுபடி பலமாகச் சுண்டினார். ஒரு முனகல் வந்து நின்றது. மூச்சு இருந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவே ரொம்ப இடைவெளி இருந்தது.

"வண்டி பிடிங்க. நிக்காதிய, வண்டி பிடிங்க!"

அப்பா போய் மெயின் சுவிட்சை இறக்கினார். காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுத் தறி நின்றது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. குதிரை வண்டி ஒன்று கோயில் கூட்டத்தில் சிக்கி நின்றிருந்ததை அப்பா ஓடிப்போய்ப் பிடித்து வந்தார். நர்ஸம்மா குழந்தையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வராதே என்று யாரும் சொல்லாததால் நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. கண் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கலம்மா. தாய்ப்பாலு மட்டுந்தான்," என்றாள் அம்மா.

"சொட்டு மருந்து, நாட்டு மருந்து, எதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா."

அக்காவின் மாமியார் அழுதுகொண்டே சொன்னார். "இவதான் அசந்து தூங்கிட்டா டாக்டரம்மா. தூக்கத்துல மேல கையக் கிய்யப் போட்டு அமுக்கியிருப்பா."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். "பக்கத்துல போட்டுப் படுத்திருந்தியா?"

தொட்டிலில்தான் கிடந்தது என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியலையே," என்றாள். "நான் தூங்கிட்டேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் நேத்துதான் தூங்கினேன். எனக்குத் தெரியலையே." தன்னுடைய இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் அப்படிக் கையைப் பார்த்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் நர்ஸம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்கு வாங்குன இருமல் மருந்த அம்மா நேத்து பிள்ளைக்கு ஊத்துனா. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

நர்ஸம்மா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். "எவ்வளவு மக்கா?"

"அரைக் கோடு."

அப்பா வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தார். டாக்டரம்மா அதை முகர்ந்து பார்த்தார். பிறகு எங்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார். உள்ளே என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு ரப்பர் குழாயும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் உள்ளே போனதைப் பார்த்தேன். வராண்டாவில் அம்மா ஒரு தூணின் பக்கம் நின்றாள். மற்ற எல்லாரும் வேறு பக்கம் நின்றோம். யாரும் தீர்மானித்து அப்படி நிற்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் குழந்தை அழுதது. முதலில் பூனைக்குட்டி மாதிரி. பிறகு முழுத் தொண்டையில். இருபது நாளாக எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் இருந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா வராண்டாத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா அதுவரை போகாமல் இருந்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்போதுதான் கிளம்பினார். அன்றைக்கு அவர் நோன்பு திறந்தது பஸ்ஸிலா, பஸ் ஸ்டாண்டிலா தெரியவில்லை. நாங்கள் யாரும் அதைக் கேட்கக்கூட இல்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும் முன் டாக்டரம்மா அம்மாவை வார்டுக்கு நடுவே நிறுத்திப் பேசினார். சின்னப் பிள்ளைக்குத் தூக்கம் வர மருந்து கொடுப்பது மூச்சை நிறுத்துகிற வேலை என்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டாள். மாமியார் புளியங்குடிக்குப் போய்விட்டார். குழந்தையைக் கொண்டுபோகிற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. அக்காவையும் சேர்த்து அழைத்துப் போகிறேன் என்று அத்தான் வந்து நின்றார். "மூணாம் மாசம் வாரேன். அதுக்கு முன்ன எங்கயும் வரல," என்றாள் அக்கா. எல்லாரிடமும் பொதுவாகச் சொன்னாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஆனால் அம்மாவைக் குழந்தையைத் தொடவிடவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. அம்மா அறைக்குள் வந்தால் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். இரண்டு தடவை அப்படி ஆன பிறகு அம்மா அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டாள். வெந்நீரை வாசலில் கொண்டுவந்து வைப்பாள். துணிகளை வாசலில் வந்து எடுத்துக்கொள்வாள். நான் நடுவில் நடந்தேன். என்னை அம்மா திட்டவே இல்லை. திட்டாமல் இருந்தது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

நர்ஸம்மா அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அவருடைய முறை இல்லாத நாளில், சாயங்காலம் வந்தார். பின் அறையில் பாய் போட்டு உட்கார்ந்தார். அப்பாவைக் கூப்பிட்டார். அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வாசற்படியிலேயே நின்றாள். பிள்ளைக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது, விடிந்ததிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டார். அக்கா சொன்னாள். இருட்டு அறை, தறிச் சத்தம், மத்தியானக் குளிப்பு, சாம்பிராணி, ராத்திரி குழல்விளக்கு, கிலுக்கு. என் பங்கை நானே சொன்னேன்.

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பகல்ல இருட்டுல போட்டுவச்சு, ராத்திரி லைட்டப் போட்டு விளையாட்டுக் காட்டுனா, அதுக்கு எது பகலு எது ராத்திரின்னு யாரு சொல்லிக்குடுத்தா? வயித்துக்குள்ள கிடந்தப்ப தாய் நடக்க நடக்கத் தூங்குன பிள்ள அது. இங்க தறி ஓட ஓடத் தூங்குது. அது மேல ஒரு குத்தமும் கிடையாது."

"அப்பம் ராத்திரி முழிக்காதா நர்ஸம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"முழிக்கும். ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கு வயிறு. ரெண்டு மூணு மணிக்கொருக்கப் பசிக்கத்தான் செய்யும். அது நோய் கிடையாது. பாலக் குடுத்துட்டுப் பேசாமப் படுக்கப் போடணும், அம்புட்டுதான்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெளிச்சம் படட்டும். முழித்திருக்கும்போது பேசுங்கள், கொஞ்சுங்கள், அதெல்லாம் பகலோடு சரி. விளக்கு வைத்த பிறகு யாரும் பிள்ளை பார்க்க வரக்கூடாது. ராத்திரி சின்ன விளக்கு போதும், அதுவும் சுவர்ப் பக்கம் திருப்பி. மல்லாக்கப் படுக்க வைக்கணும், மூஞ்சிப் பக்கம் துணி கிடக்கக்கூடாது. முனகினால் உடனே தூக்காமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், தானாக அடங்கினாலும் அடங்கும்.

எல்லாம் சொல்லிவிட்டு, வாசற்படியைப் பார்த்தார். "எம்மா, நீங்க எப்பத் தூங்குதிய?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "நானா?"

"நீங்கதான். எத்தனை மணிக்குப் படுக்குதிய, எத்தனை மணிக்கு எந்திரிக்கிய?"

"நாலு மணிக்குத் தார் சுத்த உக்காரணும்," என்றாள் அம்மா. "அதுக்கு முன்ன பிள்ளைய வச்சுக்கிட்டு நடக்குததுதான். பகல்ல சோறு, துணி, திரும்பத் தாரு..." யோசித்தாள். விரலை மடக்கி எண்ணினாள். பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டு, சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

நர்ஸம்மா அப்பாவைப் பார்த்தார். "அண்ணாச்சி, தூக்கம் கெட்டவ கையில விளக்கக்கூடக் குடுக்கக்கூடாது. நீங்க ஒரு பச்சப் பிள்ளையக் குடுத்திருக்கிய."

அன்று ராத்திரி அப்பா பாயைத் தறிக்கூடத்திலிருந்து சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து பின் அறை வாசலில் போட்டார். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை அவர் முறை என்றார். எங்களை எல்லாம் குழந்தையில் அவர் தூக்கியதாக யாரும் சொன்னதில்லை. குழந்தையை ஏந்திய விதத்தைப் பார்த்தால் பாவு நூலைப் பிடித்திருப்பது மாதிரி இருந்தது, இழுத்தால் அறுந்துவிடும் என்று. தார் சுற்றப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். ஒரே நாளில் எதுவும் சரியாகவில்லை. முதல் வாரம் அப்படியேதான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ராத்திரி பாலைக் குடித்துவிட்டு நாலு மணி நேரம் தூங்கியது. அக்கா பயந்துபோய் அதன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். அப்பாவும் வந்து வைத்துப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். குழந்தை முகத்தைச் சுளித்து எங்களை விரட்டியது.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ரொம்ப வருஷம் நான் இந்தக் கதையில் என்னை உண்மை சொன்னவளாகவும் அம்மாவைப் பொய் சொன்னவளாகவும் வைத்திருந்தேன். என் மூத்தவன் பிறந்து, பதினைந்தாம் நாள் விடியற்காலையில், அழுகிற குழந்தையின் மேல் தலையணையை எறிந்துவிடுவேனோ என்று பயந்து நானே எழுந்து வெளியே போய் நின்றேன். அன்றைக்குத்தான் கணக்கு மாறியது. அம்மா செய்தது சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன். அவள் கொஞ்சம் அதிகமாக ஊற்றியிருந்தால் அக்காவுக்கு ஒரு மகள் இருந்திருக்கமாட்டாள். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் தூணோரம் நின்றவள் ஒரு கெட்டவள் இல்லை. இருபது நாளாகத் தூங்காத ஒருத்தி. அந்த வீட்டில் தறிக்கு எண்ணெய் போட்டோமா என்று தினமும் கேட்டார்கள். அவளைத் தூங்கினாயா என்று கேட்க வெளியூரிலிருந்து ஓர் ஆள் பஸ் ஏறி வரவேண்டியிருந்தது.

புரட்டாசியில் அக்கா புளியங்குடிக்குக் கிளம்பினாள். அத்தான் பெட்டியைத் தூக்கி பஸ் மேலே போட ஏறிவிட்டார். பஸ் புறப்பட நேரம் இருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா படியில் ஏறக் காலை வைத்தவள் நின்றாள். கையில் பையும் இருந்ததால் குழந்தையோடு ஏற முடியாது, யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். அப்பா கையை நீட்டினார். நானும் நீட்டினேன். அம்மா எங்களுக்குப் பின்னால், தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் பார்த்தாள். "எம்மா, இந்தா பிடி. ஏறிட்டு வாங்கிக்கிடுதேன்," என்றாள்.

அம்மா செம்பை என் கையில் திணித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, சேலையைச் சரி செய்தாள். பையைத் திறந்து எதையோ தேடினாள். மூடினாள். கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். கீழே அம்மாவின் தோளில் குழந்தை தூங்கிவிட்டது. கொடு என்று அக்கா கேட்கவே இல்லை. டிரைவர் வந்து உட்கார்ந்து, கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அம்மா பஸ்ஸுக்குள் ஏறிப் போய்க் குழந்தையை மடியில் வைத்தாள். "தலையப் பாத்துக்கோ," என்றாள். "பாத்துக்கிடுதேன். நீ பாத்து எறங்கு," என்றாள் அக்கா.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். மணி பதினொன்று இருக்கும், அப்பா போய்த் தறியை ஓடவிட்டார். அம்மா நேரே பின் அறைக்குப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வெயில். பாயை உதறிப் போட்டு, அந்த வெளிச்சத்திலேயே ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடினாள். மத்தியானச் சோற்றுக்கு அப்பா வந்து எட்டிப் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய் அவரே சோறு போட்டுக்கொண்டார், எனக்கும் போட்டார்.